டெல்டாவின் பனிக்காலம்: வீட்டுக்குள் ஈரம் குறைவா, கூடுதலா?

மார்கழி பிறந்துவிட்டால் டெல்டாவில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். உதடு வெடிக்கிறது, முழங்கை வெளுத்துப் போகிறது, குதிகாலில் பித்தவெடிப்பு, காலையில் எழுந்தால் தொண்டை கரகரக்கிறது. அந்த நேரம் பார்த்து கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை வீடியோ காலில் சொல்லும்: "ரூம்ல காத்து ட்ரையா இருக்கும்மா. ஒரு ஹியுமிடிஃபையர் வாங்கி வச்சுக்க. நான் இங்க ராத்திரி பூரா அதப் போட்டுக்கிட்டுதான் தூங்குறேன்." காற்றில் ஈரம் சேர்க்கும் அந்தப் பெட்டி இணையக் கடைகளிலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீல விளக்கும் மெல்லிய புகையுமாகப் பார்க்க அழகாகவும் இருக்கிறது.

பிள்ளை சொல்வது அங்கே முழுக்கச் சரி. ஆனால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மார்கழி மாதம் அந்தப் பெட்டியை ஓடவிட்டால் சுவரில் பூஞ்சணம் வளரும், அவ்வளவுதான். நம் ஊர்க் குளிர்மாதங்களில் வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் வேலை ஈரத்தை வெளியே தள்ளுவது. உதடு வெடிப்பதை வைத்துக் காற்றை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். ஏன் என்று கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 0 டிகிரியில் ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம், 22 டிகிரியில் 19.4, 26 டிகிரியில் 24.4, 30 டிகிரியில் 30.4. வானிலை அறிக்கையில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்கிறார்களே, அது அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு. கிராம் மாறாமல் வெப்பநிலை மட்டும் ஏறினால் சதவீதம் தானாக இறங்கிவிடும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஜனவரி மாத டொரான்டோவுக்குப் போங்கள். வெளியே 0 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஈரமான ஊர் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு 3.9 கிராம் தண்ணீர். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 டிகிரிக்குச் சூடாகும்போது 19.4 கிராம் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. 3.9-ஐ 19.4-ஆல் வகுத்தால் 20 சதவீதம். பாலைவனத்துக் காற்று. மூக்கில் ரத்தம் கசிவதும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிப்பதும், மரத் தரை விரிசல் விடுவதும் அதனால்தான். அங்கே காற்றில் தண்ணீர் சேர்ப்பது அவசியம்.

இப்போது அதே ஜனவரியில் மயிலாடுதுறைக்கு வாருங்கள். விடியற்காலை வெளியே 22 டிகிரி, 95 சதவீதம். காற்றில் 18.4 கிராம் தண்ணீர், டொரான்டோவைவிட 4 மடங்குக்கும் மேல். நாம் ஹீட்டர் போடுவதில்லை. கான்கிரீட் கூரையும் ஆள் உடம்புச் சூடும் சேர்ந்து அறை 26 டிகிரியில் இருக்கும். 18.4-ஐ 24.4-ஆல் வகுத்தால் 75 சதவீதம். இது சமையல், குளியல், மூச்சு எதுவும் சேராத கணக்கு. உடம்புக்கும் வீட்டுக்கும் ஒத்துக்கொள்ளும் அளவு பொதுவாக 40 முதல் 60 சதவீதம் என்பார்கள். நாம் எதுவும் செய்யாமலே அதைத் தாண்டி நிற்கிறோம்.

அப்புறம் ஏன் உதடு வெடிக்கிறது? மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கி, தைப் பொங்கலையொட்டி விடைபெறுகிறது. கடலிலிருந்து வந்துகொண்டிருந்த கொண்டல் ஓய்ந்து, நிலத்தின் மேலாக வரும் வாடைக்காற்று வீசத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பழகிய காற்றைவிட இது வறண்டதுதான், அதிலும் மதிய வேளையில். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வெயில் ஏறியதும் ஈரப்பதம் ஐம்பதுகளுக்கு இறங்கிவிடும். ஆனால் ஐம்பது என்பது நல்ல அளவு. டொரான்டோ வீட்டுக்காரர் தவமிருந்து அடைய நினைக்கும் அளவு.

தோல் சொல்வது வேறு கதை. மற்ற மாதங்களில் நாம் நாள் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கிறோம், தோல் ஈரமாகவே இருக்கிறது. மார்கழியில் வியர்வை நின்றுபோகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குளிரில் மந்தமாகிறது. அதோடு விடியற்காலையில் வெந்நீரில் சோப்பு போட்டுக் குளித்து, இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுகிறோம். ஈரத்தலையோடு டூ வீலரில் ஏறிக் காற்றில் போகிறோம். தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுக்க மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. இதற்கு மருந்து அறைக்குள் இல்லை, எண்ணெய்க் கிண்ணத்தில் இருக்கிறது. குளித்துத் துவட்டிய உடனே, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் பெரும்பாலான வெடிப்பு அடங்கிவிடும். தண்ணீரின் சூட்டையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் அந்த எண்ணெயே பாட்டிலில் உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரிக்குக் கீழே என்பதால், அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையும் அந்த பாட்டில் சொல்லிவிடும்.

தொண்டைக் கரகரப்பு இன்னொரு ஏமாற்று. மூக்கு வழியாக இழுக்கும் காற்றை நுரையீரலுக்குப் போகுமுன் உடல் 37 டிகிரிக்குச் சூடாக்கி, முழுக்க ஈரமாக்கிவிடுகிறது. அந்த வேலைக்கு ஐம்பது சதவீதக் காற்றே தாராளம். நம் ஊரில் இந்த மாதங்களில் தொண்டை காய்வது பெரும்பாலும் மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவதால். மூக்கு அடைப்பது சளியால், அறுவடைத் தூசியால், போகிப் புகையால், தலையணையிலும் மெத்தையிலும் பெருகும் தூசிப் பூச்சியால். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. 70, 80 சதவீதத்தில் கொழிக்கும், 50-க்குக் கீழே நீடித்தால் வாடிச் சாகும். தொண்டை கரகரக்கிறது என்று அறையை இன்னும் ஈரமாக்கினால் அந்தப் பூச்சிக்குத்தான் விருந்து வைக்கிறோம்.

டெல்டாவின் ஆண்டை ஈரத்தின் கண்ணால் பார்த்தால் குளிர்காலம் என்பது இரண்டு தனிக் காலங்கள். ஐப்பசி, கார்த்திகை முதலாவது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலும் குளமும் தளும்புகின்றன, நிலத்தடி நீர் கடைக்கால் வரை ஏறி நிற்கிறது. வெளிக்காற்று 25 டிகிரி, 95 சதவீதம். அப்போது ஜன்னலைத் திறந்தாலும் ஈரம், மூடினாலும் ஈரம். மார்கழி, தை இரண்டாவது. வானம் தெளிகிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுகிறது. புல்லும் ஓடும் காற்றைவிடக் குளிர்ந்து, காற்றின் பனிப்புள்ளிக்கு, அதாவது காற்று நீராவியால் நிரம்பிவிடும் வெப்பநிலைக்கு, கீழே இறங்கியதும் அவற்றின் மேல் நீர் கோத்துக்கொள்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது இந்தக் காலத்தைத்தான். விடியலில் 95 சதவீதமாக இருப்பது மதியம் 55-க்கு வரும். ஒரே நாளில் இவ்வளவு இறக்கம் இருக்கிறது என்பதுதான் இந்தக் காலத்தின் வரம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேதாரண்யத்து உப்பளங்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் பாத்திகள் வெறுமனே கிடக்கும். மழை விட்டு, காற்று உலர ஆரம்பித்த பிறகுதான் புது ஆண்டின் உப்பு எடுப்புத் தொடங்கும். உப்பு விளைவதற்கு வெயில் மட்டும் போதாது, நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். சரி, டெல்டாவின் மேற்குப் பகுதியில் உண்மையிலேயே வறண்ட காற்று எப்போது? ஆனி, ஆடியில். மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் வருகிறது. திருச்சி, தஞ்சாவூரில் அந்த மாதங்களின் பிற்பகல் மார்கழிப் பிற்பகலைவிட வறண்டது. அப்போது யாரும் காற்று வறட்சி பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் வியர்க்கிறது.

அடுத்தது, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம். இதில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 12-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம். அதன் கொள்ளளவு 41 கன மீட்டர். 26 டிகிரியில் கன மீட்டருக்கு 24.4 கிராம் என்றால், அந்த அறைக் காற்று இதற்குமேல் ஒரு சொட்டும் தாங்காது என்ற அளவுக்கு நிரம்பினாலும் அதில் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்தான். 60 சதவீதம் என்றால் 600 மில்லி. 85 சதவீதம் என்றால் 850. நல்ல காற்றுக்கும் பூஞ்சணக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்.

இதை வைத்து வீட்டைப் பாருங்கள். மழைநாளில் வெளியே காயப்போட முடியாமல் ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறோம். வாஷிங் மெஷினில் பிழிந்த ஒரு லோடு துணியில்கூட 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். கையால் பிழிந்தது என்றால் இன்னும் கூடுதல். அது முழுதும் வீட்டுக் காற்றுக்குத்தான் போகிறது. தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 40 கிராம் போல நீரை விடுகிறார். 4 பேர் 8 மணி நேரம் தூங்கினால் ஒரு லிட்டருக்கு மேல். அதைவிடப் பலருக்கும் தெரியாதது சமையல் கேஸ். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விட்டிருக்கும். சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் வீட்டில் நாளுக்கு அரை லிட்டர், குழம்பு கொதித்து வரும் ஆவி தனி. வெந்நீர்க் குளியல், துடைத்த தரை எல்லாம் அதற்கு மேல்.

இந்தக் கணக்கில் ஹியுமிடிஃபையர் எங்கே வருகிறது? சாதாரணப் பெட்டி மணிக்கு 250, 300 மில்லி தண்ணீரை ஆவியாக விடும். 75 சதவீதத்தில் நிற்கும் அறையை மூடிவைத்து அதை ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறை நிரம்பிவிடும். அதன் பிறகு வரும் ஈரம் சுவரிலும் மெத்தையிலும் துணியிலும்தான் போய் உட்காரும்.

சுவர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பரப்பின் ஈரப்பதம் 75, 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் பூஞ்சணத்துக்குப் போதும், தண்ணீர் சொட்ட வேண்டும் என்பதில்லை. பீரோவின் பின்பக்கம், கட்டிலின் தலைமாட்டுச் சுவர், வடக்குப் பார்த்த மூலை, லாஃப்டின் உள்பக்கம், இங்கெல்லாம் காற்று போகாமல் சுவர் குளிர்ந்தே கிடக்கும். கருப்புப் புள்ளிகள் அங்கேதான் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. ஈரம் தங்கிய வீட்டில் வசிப்பவர்களுக்கு வீசிங், இருமல், ஆஸ்துமா கூடுகிறது என்பதுதான் அதன் சாரம். கார்த்திகை, மார்கழியில் இளைப்பு கண்ட குழந்தை உள்ள வீடுகள் மருந்தோடு சேர்த்து பீரோவுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பழைய வீடுகளின் நிலை கொஞ்சம் வேறு. முற்றம் வைத்த நாட்டோட்டு வீடு புழுக்கத்தை மேலே அனுப்பிவிடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, காற்று உலர்ந்ததும் திருப்பி விட்டுவிடும். சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்துக்கு ஆகாது. அந்த வீடுகளின் பலவீனம் கீழே இருக்கிறது: செங்கல் வழியாக நிலத்து ஓதம் ஏறும், உப்புப் பூத்துக் காரை உதிரும். அதை மறைக்க ஆட்கள் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சுவரின் மூச்சை அடைத்தது போலத்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, இரண்டு பருவத்தில் பெயின்ட் பொக்கு விட்டுக் கழன்றுவரும். ஓதம் ஏறும் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே மேல் என்பது என் உறுதியான கருத்து. முற்றத்தை மூடி மேலே தகடு போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். மழைச்சாரல் தொல்லை தீர்கிறது என்று வீட்டின் புகைபோக்கியையே அடைக்கிறோம்.

ஈரத்தின் விளைவை டெல்டாக்காரர்கள் கையால் தொட்டு அறிந்திருப்பது நெல்லில்தான். தை மாதம் அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானியில் ஒரு கை நெல்லைப் போட்டு அழுத்திப் பார்ப்பார்கள். வரம்பு 17 சதவீதம். எண் 18, 19 என்று காட்டினால் குவியல் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பருவம் தப்பி மழை பெய்யும் ஆண்டுகளில் வரம்பை 22 வரை உயர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பது வழக்கமான செய்தி. அதன் பின்னால் இருக்கும் இயற்பியலைக் கவனியுங்கள். நெல்மணி சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும், ஓரளவில் சமநிலைக்கு வரும். காற்று 75 சதவீதத்தில் நின்றால் நெல் 14 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காற்று 90 சதவீதத்தில் நின்றால் நெல் 18-ஐ ஒட்டி நிற்கும். அதாவது மூட்டமான, பனி இறங்குகிற வாரத்தில் களத்தில் எத்தனை நாள் கொட்டிவைத்தாலும் நெல் 17-க்கு வராது. விவசாயியின் அசட்டை என்று அதைச் சொல்வது அநியாயம். காற்றில் இடம் இல்லை. இரவு பனிக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே குவியல் வியர்க்கும், காலையில் பிரித்துக் கிளறிவிட வேண்டும்.

சமையலறை அரிசியும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறிய அரிசியில் வண்டும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். நெல் சேமிக்கும் மரப்பெட்டியான பத்தாயத்தைக் காலூன்றித் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியதும், அறுவடை நெல்லை நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே கொட்டியதும் இதற்காகத்தான். இன்றைக்குப் பத்தாயம் இல்லாத வீட்டில் மூட்டையைத் தரையோடும் சுவரோடும் ஒட்டி வைக்காமல் மரப்பலகை மேல் வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

தோல்வாத்தியக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் காவிரிக்கரையில் விடியற்காலை ஈரக்காற்றில் மிருதங்கத்தைக் கொஞ்ச நேரம் வைத்தால் அதன் வலது பக்கமான வலந்தலையின் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். கலைஞர் கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டி ஏற்றுவார். வெயில் ஏறி காற்று உலர்ந்ததும் அதே தோல் இறுகி, சுருதி மேலே போய்விடும், மறுபடி தட்டி இறக்க வேண்டும். வீணையின் பலாமரமும், ஏன், வீட்டு வாசல்கதவும் இப்படித்தான் உப்புவதும் சுருங்குவதும். வாத்தியத்துக்கு வேண்டியது ஏற்ற இறக்கம் குறைந்த இடம். உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில் வைப்பது போதும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருப்பது போன்ற ஓலைச்சுவடிகளுக்கும் இதுவே சிக்கல். ரொம்பக் காய்ந்தால் ஓலை நொறுங்கும், ஈரம் மிஞ்சினால் பூஞ்சணமும் பூச்சியும் தின்னும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஜன்னல். மார்கழி, தையில் விடியற்காலையில் திறந்து வைத்துவிட்டு, வெயில் வந்ததும் திரையை இழுத்து மூடிவிடுவது பல வீடுகளின் பழக்கம். இதைத் திருப்பிப் போட வேண்டும். இரவெல்லாம் ஆட்கள் தூங்கிய அறைக் காற்றில் 26 டிகிரி, 80 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 19.5 கிராம். மதியம் 12 மணிக்கு வெளியே 28 டிகிரி, 55 சதவீதம் என்றால் 15 கிராம். அந்த நேரம் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் ஈரம் தானாக வெளியே போய்விடும், ஒரு காசு செலவில்லை. மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் 11 மணிக்கு மேல் வெயிலில் போட்டு, 4 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பனி இறங்கும் வரை விட்டால் காய்ந்ததெல்லாம் மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இது எடுபடாது, வெளிக்காற்றிலேயே 22 கிராம் இருக்கும். அப்போது உண்டாகும் இடத்திலேயே ஈரத்தைப் பிடிக்க வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், அந்தக் கதவு வீட்டுப் பக்கம் சாத்தியிருக்க வேண்டும். துணியை ஹாலில் பரப்பாமல், ஒரு அறையில் ஒதுக்கி ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறையின் வெளி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சீலிங் ஃபேன் காற்றின் ஈரத்தைக் குறைக்காது என்றாலும் சுவர்மேல் தேங்கி நிற்கும் ஈரக்காற்றைக் கலைத்துவிடும், அதுவே பூஞ்சணத்துக்குப் பாதி எதிரி. ஏசி இருந்தால் அதில் உள்ள ட்ரை மோடு இந்த நாட்களுக்கானது. 18-இல் வைத்து அறையைப் பனிக்கட்டியாக்கினால் சுவர் குளிர்ந்து, ஏசியை நிறுத்திய பிறகு அதில் நீர் கோக்கும்.

பீரோவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவரில் வைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, தை மாதத்தில் ஒரு மதியம் நிழலில் உதறிக் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்தால் போதும். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா பீரோவுக்குள்ளே நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அது சின்ன, மூடிய இடம். அதை ஹாலில் வைப்பதில் பயனில்லை. டப்பா நாள் கணக்கில் குடிப்பதை நாலு பேர் மூச்சு ஒரு ராத்திரியில் திருப்பி விட்டுவிடும். மின்சார டிஹியுமிடிஃபையர் காற்றிலிருந்து நாளுக்குப் பத்து லிட்டர்கூட எடுக்கும், ஆனால் விலையும் கரன்ட்டும் அதிகம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்கோ, நிறையப் புத்தகம் வைத்திருப்பவருக்கோ அது தகும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் மாடி ஒழுகலை அடைப்பது நல்லது.

சாம்பிராணி பற்றியும் சொல்ல வேண்டும். மழைநாளில் புகை போட்டால் ஈரவாடை போய்விட்டது போலத் தோன்றும். வாடை மறைகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. மூடிய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடையும் நுண்துகளையும் விடும். குளிப்பாட்டிய குழந்தைக்கு மூடிய அறையில் தணல் காட்டுவதை, பாட்டிமார்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லியாவது, நிறுத்த வேண்டும்.

இனி, காற்றில் ஈரம் சேர்க்க வேண்டிய இடங்கள். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் சிலருக்கு மூக்கும் கண்ணும் காயும். அங்கே வெப்பநிலையை 26, 27-க்கு ஏற்றி, காற்று முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பினாலே சரியாகிவிடும். ஆனி, ஆடி வறட்சிக்கு மேற்கு டெல்டாவில் ஏர் கூலரும் நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் அருமையாக வேலை செய்யும். அதே கூலரைக் கார்த்திகையில் போட்டால் குளிர்ச்சியும் வராது, படுக்கையும் நமத்துப்போகும். மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது சில நிமிட வேலை, அறைக் காற்றோடு சம்பந்தமில்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கம் குழந்தைகளை மட்டும் விடக்கூடாது.

குளிர்நாட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஹியுமிடிஃபையர் தேவைப்படும். அங்கே 35, 40 சதவீதம் குறி. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் கூடிவிட்டது என்று பொருள், வெளியே உறைபனி கடுமையானால் 30-க்கே இறக்க வேண்டியிருக்கும். அல்ட்ராசோனிக் வகைப் பெட்டி தண்ணீரில் கரைந்துள்ள உப்பையும் சேர்த்துத் துகளாக்கி வீசும், நாற்காலி மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவது நல்லது. நாகப்பட்டினக் கரையோரத்து உவர் போர்த் தண்ணீரை அதில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரில் வேறு எதையும் கலக்கவே கூடாது. தென்கொரியாவில் ஹியுமிடிஃபையர் தண்ணீரில் ஊற்றுவதற்கென்றே விற்ற கிருமிநாசினியால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உட்படப் பலர் நுரையீரல் கெட்டு இறந்தது 2011-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தோலில் பட்டால் ஒன்றும் செய்யாதது நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் கொல்லும்.

எதை வாங்காவிட்டாலும் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கலாம். மலிவுக் கருவிகள் ஐந்து, பத்து சதவீதம் பிசகும், அதைச் சமையலறையிலேயே சோதித்துவிட முடியும். சுத்தமான பொடியுப்பு காற்று 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும், இது மாறாத எண். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, களியாகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கல்லுப்பு இதற்கு உதவாது. அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு மிகக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும்.

மானியை டிவி மேலேயோ ஏசிக்கு நேராகவோ மாட்டாமல், பீரோவுக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு இரவு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே 80-க்கு மேல் நிற்கிறதோ, அந்த மூலைக்குத்தான் நாளைய மதிய வெயிலும் காற்றும் முதலில் போக வேண்டும்.